நார்மல் என்று எழுதிக் கையெழுத்திட்டேன்

“பீப்னு ஒரு சத்தம் கேட்கும்மா. எவ்வளவு சின்னதாக் கேட்டாலும் இந்தப் பட்டனை அமுக்கணும்” என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலி புகாத அறைக்குள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவளுக்கு இருபத்து மூன்று வயது. நான் இயந்திரத்தைத் தொடுவதற்கு முன்பே அவள் பட்டனை அமுக்கினாள். மறுபடியும் அமுக்கினாள். உள்ளே போய், “இன்னும் நான் சத்தமே வைக்கலையேம்மா” என்றேன்.

“அது எப்பவும் கேட்டுக்கிட்டேதான் இருக்கு மேடம். எது உங்க பீப், எது என்னோட பீப்னு எனக்குத் தெரியல.”

போளூர்ப் பக்கத்துப் பெண். இருங்காட்டுக்கோட்டையில் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் மூன்று வருடம் வேலை பார்த்துவிட்டு, கான்ட்ராக்ட் முடிந்து ஊருக்குத் திரும்பியிருந்தாள். அம்மாதான் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். “மூணு தடவ கூப்பிட்டாத்தான் திரும்புறா மேடம். பொண்ணு பாக்க வர்றவங்க முன்னாடியும் இப்படி இருந்தா என்ன நினைப்பாங்க?” என்றார். அம்மாவுக்குக் கல்யாணக் கவலை. மகளுக்குத் தூக்கக் கவலை. ராத்திரி ஊர் அடங்கியதும் காதுக்குள் இருக்கும் ரீங்காரம் பெரிதாகிவிடுகிறது என்றாள்.

ஒலியை விட்டு விட்டு வரும்படி மாற்றிச் சோதனையை முடித்தேன். 500, 1000, 2000 ஹெர்ட்ஸில் மேலே நேராக ஓடிய கோடு, 4000 ஹெர்ட்ஸில் இரண்டு காதிலும் ஒரே மாதிரி பள்ளத்தில் விழுந்து, 8000இல் கொஞ்சம் ஏறியது. இந்தப் பள்ளத்தை முதலாண்டு மாணவிகூட அடையாளம் கண்டுவிடுவாள். இரைச்சல் காதைத் தின்றால் பதியும் தடம் அது.

“கம்பெனியில காது டெஸ்ட் எடுத்தாங்களா?”

“வருஷா வருஷம் வண்டி வரும் மேடம். நார்மல்னு சொன்னாங்க.”

“அந்த ரிப்போர்ட் வச்சிருக்கியா?”

“அதெல்லாம் எச்.ஆர்.ல இருக்கும். எங்க கையில தர மாட்டாங்க.”

அந்த ‘நார்மல்’ எப்படி வந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். நானே அப்படி எழுதியிருக்கிறேன்.

ஆடியாலஜி படித்து இன்டர்ன்ஷிப் செய்துகொண்டிருந்தபோது, ஒரு தொழிற்சாலையின் மருத்துவ முகாமுக்கு எங்களை அனுப்பினார்கள். கேன்டீனுக்குப் பக்கத்து அறை. ஏசியும் ஓடியது, வெளியே லாரியும் ஓடியது. ஒரே நாளில் இருநூறுக்கும் மேற்பட்ட காதுகள். ஷிப்டின் நடுவில், இயந்திரத்தை விட்டு நேராக வந்து வரிசையில் நின்றார்கள். அடிப்படைப் பரிசோதனைக்கு முன் 14 மணி நேரமாவது காது இரைச்சலில்லாமல் ஓய்ந்திருக்க வேண்டும் என்று தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கியவள் நான். அங்கே அதைச் சொல்ல வாய் வரவில்லை. சில தாள்களில் அந்தப் பள்ளம் தெரிந்தது. சீனியரிடம் காட்டினேன். “ஆவரேஜ் பாரு” என்றார். 500, 1000, 2000 மூன்றையும் கூட்டி மூன்றால் வகுத்தால் 25 டெசிபலுக்குள்தான் வந்தது. 10, 10, 15 என்றால் சராசரி 12கூட இல்லை. 4000இல் 45 இருந்தாலும் அது கணக்கில் வராது. நார்மல் என்று எழுதினேன். கீழே என் கையெழுத்து. தாள்கள் கட்டாக எச்.ஆருக்குப் போயின. காதுக்குச் சொந்தக்காரிகள் லைனுக்குத் திரும்பிப் போனார்கள்.

அந்த நாளை வைத்துத்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன். ஆடியாலஜி படிக்கும் மாணவிகளோடு நான் சண்டை போட வேண்டியிருக்கிறது. அதற்கு முன் என்னோடும்.

*

எங்கள் தொழிலைப் பெண்களின் தொழில் என்கிறார்கள். வகுப்பைப் பார்த்தால் உண்மைதான். பெரும்பாலும் நாங்களே உட்கார்ந்திருப்போம். 1960களின் நடுவில் மைசூரில் தொடங்கிய அகில இந்தியப் பேச்சு மற்றும் கேட்டல் நிறுவனம்தான் இந்தத் துறையின் தாய்வீடு. அதன் இயக்குநர் நாற்காலியில் விஜயலக்ஷ்மி பசவராஜ், எஸ்.ஆர். சாவித்திரி, எம். புஷ்பாவதி என்று பெண்கள் அமர்ந்திருக்கிறார்கள். மேலே பெண் வர வேண்டும் என்ற கோரிக்கை இந்தத் துறையில் ஓரளவு நிறைவேறிவிட்டது. அதனால் போளூர்ப் பெண்ணின் காதுக்கு என்ன கிடைத்தது என்பதுதான் என் கேள்வி.

சேர்ந்த முதல் நாளே எங்களுக்குச் சொல்லப்பட்டது: “இந்தப் படிப்புக்குப் பொறுமை வேணும். தாய்மை மனசு வேணும். அதனாலதான் பெண்களுக்கு ஏத்த கோர்ஸ்.” நான்கு ஆண்டுகளும் அந்த வாக்கியத்துக்குள்ளேயே கழிந்தன. பேசாத குழந்தையைப் பேச வைக்கிறவள், தாத்தாவுக்குக் காது மெஷின் பொருத்துகிறவள், காக்ளியர் இம்ப்ளான்ட் செய்த பிள்ளைக்குப் பயிற்சி கொடுக்கிறவள். எல்லாம் நல்ல வேலைதான். தமிழ்நாட்டில் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் ஏழைக் குழந்தைகளுக்கு காக்ளியர் இம்ப்ளான்ட் இலவசமாகச் செய்யப்படுவதும், அதற்குப் பின்னால் எங்களைப் போன்றவர்களின் உழைப்பு இருப்பதும் எனக்குப் பெருமை. ஆனால் குழந்தைக்கும் கிழவருக்கும் நடுவில் நாற்பது வருடம் உழைக்கிற ஒரு வயது இருக்கிறது. அந்த வயதில் இருப்பவள் எங்கள் அறைக்கு வருவதில்லை. நாங்களும் அவளிடம் போவதில்லை.

பாடத்திட்டத்தில் இரைச்சலை அளப்பதும் கேள்திறன் பாதுகாப்பும் உண்டு. படித்தோம். எட்டு மணி நேரத்துக்கு எத்தனை டெசிபல் என்ற அட்டவணையை மனப்பாடம் செய்தோம். நான் படித்த கல்லூரியிலிருந்து, அந்த ஒரு முகாமைத் தவிர, யாரும் தொழிற்சாலைக்குள் கால் வைத்ததில்லை. தொழிலாளியின் உரிமை பற்றி ஒரு வகுப்பு நடந்ததில்லை. தொழிற்சங்கத்திலிருந்து ஒருவர் வந்து பேசியதில்லை. படிப்பை முடித்ததும் எங்களுக்காகக் காத்திருந்த வேலைகளில் பெரும்பங்கு, மாதத்துக்கு இத்தனை காது மெஷின் விற்க வேண்டும் என்று கணக்குவைக்கும் கடைகளில்.

*

அந்த அட்டவணையிலிருந்தே தொடங்குகிறேன். இந்தியாவில் எட்டு மணி நேர வேலைக்கு அனுமதிக்கப்பட்ட இரைச்சல் 90 டெசிபல். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2003ஆம் ஆண்டு விதிகளில் 80 டெசிபலிலேயே தொழிலாளிக்குக் காதுறை தர வேண்டும். 85இல் அதைக் கட்டாயம் அணிய வைக்க வேண்டும். காதுறையையும் கணக்கில் சேர்த்துக் காதுக்குள் 87ஐத் தாண்டக் கூடாது. அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் பரிந்துரைக்கும் எல்லை 85. நமக்கு 90. ஐந்துதானே வித்தியாசம் என்று தோன்றும். டெசிபல் கணக்கு அப்படி ஓடாது. மூன்று டெசிபல் கூடினாலே ஒலியின் ஆற்றல் இரண்டு மடங்கு. 85க்கும் 90க்கும் இடையே மூன்று மடங்குக்கு மேல். ஒரே வேலையைச் செய்யும் இரண்டு பெண்களில் ஒருத்தியின் காது மூன்று மடங்கு அடியைத் தாங்கும் என்று நம் சட்டம் நினைக்கிறது.

இந்த எல்லையும் எட்டு மணி நேரத்துக்கு. 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றத்தில் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழி திறக்கும் திருத்தம் நிறைவேறியது நினைவிருக்கும். தொழிற்சங்கங்கள் எதிர்த்தன, மே தினத்தன்று திரும்பப் பெறப்படுவதாக முதல்வர் அறிவித்தார். அந்த விவாதத்தில் கால்வலி, தூக்கம், குடும்பம் எல்லாம் பேசப்பட்டன. காதைப் பற்றி எங்கள் துறையிலிருந்து யாரும் பேசி நான் கேட்கவில்லை. நேரம் கூடினால் காது வாங்கும் அடியும் கூடும் என்பதைச் சொல்லத் தகுதியான படிப்பு எங்களுடையதுதான். நானும் பேசவில்லை.

சட்டத்தில் ஒன்றுமே இல்லையா? இருக்கிறது. அதனால்தான் கோபம் வருகிறது. 2025 வரை நடைமுறையில் இருந்த 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில், அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியலில், இரைச்சலால் வரும் கேள்திறன் இழப்பு இருந்தது. 2020இல் நிறைவேறிய தொழில்சார் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பின் பட்டியலிலும் இருக்கிறது. 1948 சட்டத்தின் 89ஆவது பிரிவு சொன்னது இது: தொழிற்சாலையில் வேலை செய்கிற அல்லது முன்பு வேலை செய்த ஒருவருக்கு இந்த நோய் இருப்பதாக மருத்துவர் கருதினால், தலைமை ஆய்வாளருக்குத் தாமதமின்றி எழுத வேண்டும். ‘முன்பு வேலை செய்த’ என்ற சொல்லைக் கவனியுங்கள். கான்ட்ராக்ட் முடிந்து ஊருக்குப் போனவளையும் சட்டம் மறக்கவில்லை.

ஆனால் எழுத வேண்டியவர் மருத்துவர். நான் மருத்துவர் இல்லை. பள்ளத்தைக் கண்டுபிடிப்பவள் நான். அதைத் தெரிவிக்கும் கடமை என்னுடையதல்ல. இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவுசெய்துகொண்டுதான் நாங்கள் தொழில் செய்ய முடியும். 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி இயங்கும் அந்தக் கவுன்சில் சமூக நீதி அமைச்சகத்தின் கீழ் வருகிறது. மருத்துவமனை சுகாதாரத் துறையின் கீழ். தொழிற்சாலையைச் சோதிக்கும் ஆய்வாளர் தொழிலாளர் நலத் துறையின் கீழ். ஒரே காது மூன்று அலுவலகங்களுக்கு நடுவில் கிடக்கிறது. ‘மறுவாழ்வு’ என்ற சொல்லே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறது. இழந்த பிறகு வா, பார்த்துக்கொள்கிறோம். இழக்காமல் இருப்பதற்கு எங்களிடம் பதவியும் இல்லை, கடமையும் இல்லை.

இழப்பீட்டுக்கும் இதே கதி. 2025 வரை நடைமுறையில் இருந்த இ.எஸ்.ஐ. சட்டத்தின் தொழில்நோய்ப் பட்டியலில் இரைச்சலால் வரும் கேள்குறை இடம்பெற்றிருந்தது. அந்தப் பகுதியில் உள்ள நோய்களுக்கு, அத்தகைய வேலையில் ஆறு மாதமாவது தொடர்ந்து இருந்திருக்க வேண்டும். அப்ரென்டிஸ் சட்டத்தின் கீழ் பயிற்சியாளராக எடுக்கப்பட்டவள் இ.எஸ்.ஐ. கணக்கில் தொழிலாளியே இல்லை. டிரெய்னி, அப்ரென்டிஸ், கான்ட்ராக்ட், ஏஜென்ட் மாற்றம் என்று பெயரை மாற்றி மாற்றி வேலை வாங்கும் இடத்தில் ‘தொடர்ந்து ஆறு மாதம்’ என்று நிரூபிக்கும் பாரம் யார் தலையில் விழும்? மாற்றுத்திறனாளிச் சான்று வாங்கலாமே என்றால், 2016ஆம் ஆண்டுச் சட்டப்படி இரண்டு காதிலும் பேச்சொலி அலைவரிசைகளில் 60 டெசிபல் இழப்பு இருந்தால்தான் கேள்குறை உடையவர். 70ஐத் தொட்டால் காது கேளாதவர். என் முன்னால் இருந்தவள் இரண்டிலும் இல்லை. கம்பெனிக்கு நார்மல், அரசுக்கு நார்மல், மாப்பிள்ளை வீட்டுக்கு மட்டும் செவிடி.

*

4000 ஹெர்ட்ஸில் விழும் பள்ளம் வாழ்க்கையில் என்ன செய்யும்? பேச்சு கேட்கும், சொல் பிடிபடாது. ச, ஸ, ஷ, ஃப போன்ற மெல்லிய ஒலிகள்தான் முதலில் நழுவும். ‘பஸ்’ஸில் ‘ப’ மட்டும் காதுக்கு வந்து சேரும். மின்விசிறி ஓடும் ஹாஸ்டல் அறையில் ஆறு பேர் பேசினால் எல்லாம் கலந்த இரைச்சலாக இருக்கும். ஆணின் தாழ்ந்த குரலைவிடப் பெண்ணின் குரலும் குழந்தையின் குரலும் கடினமாகும். நாளை அவளுக்குக் கல்யாணமாகிப் பிள்ளை பிறந்தால், கணவன் போடும் அதட்டல் தெளிவாகக் கேட்கும். பிள்ளை முணுமுணுப்பது கேட்காது.

ஆண் ஒருவருக்குக் காது மந்தமானால் வீடே குரலை உயர்த்திக்கொள்ளும். பெண்ணுக்கு மந்தமானால் அது அவள் குணமாகிவிடும். லைனில் சூப்பர்வைசர் கூப்பிட்டுத் திரும்பாவிட்டால் திமிர். மாமியார் கூப்பிட்டுத் திரும்பாவிட்டால் அகம்பாவம். இந்தச் சொற்களையெல்லாம் என் நோயாளிகள் வாயிலிருந்தே கேட்டிருக்கிறேன். கல்யாணம் ஆகிற வரைக்கும் காது மெஷின் வேண்டாம் என்று சொல்லும் பெற்றோர் மாதத்துக்கு ஒருவராவது வருகிறார்கள். மெஷினைக் கூந்தலுக்குள் மறைக்க முடியுமா என்பதுதான் பெரும்பாலும் முதல் கேள்வி.

காது கேளாமையை ஒரு சாபமாக நான் பேசவில்லை. சைகை மொழியில் வளர்ந்து முழுமையாக வாழும் சமூகம் இருக்கிறது. அவர்களைக் குறையுள்ளவர்களாக மட்டுமே பார்த்த பாவமும் எங்கள் துறைக்கு உண்டு. நான் கேட்பது வேறு. கேட்கும் உலகத்துக்குள் வாழ்கிற ஒருத்தியிடமிருந்து, அவளுக்குத் தெரியாமல், கூலி கொடுக்காமல் ஒன்றை எடுத்துக்கொள்கிறார்கள். எடுத்ததற்கு ரசீதும் கிடையாது. ரசீது எழுத வேண்டியவள் நான்தான். நான் நார்மல் என்று எழுதினேன்.

*

இந்த அறிவு பெண்களின் காதுகளிலிருந்தும் பிறந்தது என்பதை எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. ஆடியாலஜியின் கதையைப் போர்முனையிலிருந்து தொடங்குவார்கள். இரண்டாம் உலகப் போரில் கேள்திறன் இழந்து திரும்பிய அமெரிக்கச் சிப்பாய்கள், அவர்களுக்காகத் திறந்த ராணுவ மருத்துவமனைகள், ரேமண்ட் கார்ஹார்ட் என்ற தந்தை. கொஞ்சம் பின்னால் போனால் 1886இல் கிளாஸ்கோவில் கொதிகலன் செய்யும் ஆண்களின் காதுகளைச் சோதித்த தாமஸ் பார். அதோடு முடிந்துவிடும்.

1965இல் ஸ்காட்லாந்தின் டண்டீ நகரத்துச் சணல் ஆலைகளில் நடந்த ஆய்வு ஒன்று இரைச்சலுக்கும் கேள்திறனுக்கும் உள்ள உறவைத் தெளிவாக்கியவற்றில் முக்கியமானது. அதில் சோதிக்கப்பட்டவர்கள் நெசவுப் பெண்கள். பல பத்தாண்டுகள் தறி முன்னால் நின்றவர்களும் அவர்களில் உண்டு. எத்தனை வருடத்துக்கு எவ்வளவு இழப்பு என்ற கோடு அவர்கள் காதிலிருந்து வரையப்பட்டது. ஆலைக்குள் வாயசைவையும் கையசைவையும் வைத்துப் பேசிக்கொண்ட பெண்கள். அவர்கள் நெய்த சணல் நம் வங்காளத்திலிருந்து கப்பலேறிப் போனது. நம் பள்ளிபாளையத்திலும் குமாரபாளையத்திலும் விசைத்தறிக்குப் பக்கத்தில் வாழ்ந்தவர்கள் ஏன் சத்தமாகப் பேசுகிறார்கள் என்று கேலி செய்வோமே, அந்தக் கேலிக்கான பதில் அந்த ஆய்வில் இருக்கிறது. நான்கு ஆண்டுப் படிப்பில் கார்ஹார்ட்டின் பெயரை நூறு முறை எழுதியிருப்பேன். டண்டீயின் பெண்களைப் படிப்பு முடிந்த பிறகு நானே தேடிப் படித்தேன்.

*

இதைப் பேசினால் வரும் மறுப்புகளும் எனக்குத் தெரியும்.

“பெண்கள் வேலை பார்ப்பது எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனிகளில். அங்கே சத்தம் ஏது?” கைபேசி பொருத்தும் கூடத்தைத் தகடு அடிக்கும் பிரஸ் ஷாப்போடு ஒப்பிட்டால் அமைதிதான். ஆனால் ஹூண்டாய் 1998இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து சான்ட்ரோவை வெளியே விட்ட பிறகு, அந்தப் பெரிய ஆலையைச் சுற்றியும் ஒரகடம் வரையும் முளைத்தவை உதிரிபாகத் தொழிற்சாலைகள். பிளாஸ்டிக் வார்ப்பிலும் சிறு பிரஸ்ஸிலும் வயர் பின்னலிலும் பாகங்களைத் துடைத்து அடுக்குவதிலும் பெண்கள் நிற்கிறார்கள். அழுத்தக் காற்றால் தூசி ஊதும் ஏர் கன் ஒன்றே 90 டெசிபலைத் தாண்டக்கூடியது. போதாததற்கு டொலுவீன், சைலீன், ஸ்டைரீன் போன்ற கரைப்பான்கள் இருக்கின்றன. பெயின்டிலும் பசையிலும் துடைக்கும் திரவத்திலும் வரும் இவை உள்காதுக்குத் தாமே கேடு. இரைச்சலோடு சேர்ந்தால் கேடு இன்னும் கூடும். டெசிபல் மீட்டரை மட்டும் நீட்டி ‘சத்தமில்லை’ என்று சொல்கிறவர் பாதிக் கதையைத்தான் பார்க்கிறார்.

“இயர் பிளக் கொடுக்கிறார்களே?” கொடுக்கிறார்கள். ஒரே அளவில் கொடுக்கிறார்கள். பெண்களின் காதுத்துளை சராசரியாகச் சிறியது. பெரிய பிளக் சரியாக உட்காராமல் பாதி வெளியே நிற்கும், வலிக்கும், கழற்றி விடுவாள். கழற்றியதற்கு அவளுக்கே வார்னிங். பிளக்கை விரலால் மெல்லிய திரியாக உருட்டி, மறு கையால் காது மடலை மேலே இழுத்து உள்ளே விட்டு, அது விரியும்வரை இருபது முப்பது நொடி பிடித்திருக்க வேண்டும் என்று அவளிடம் யார் சொன்னார்கள்? பாதுகாப்பில் பிளக் கடைசி வழி. முதல் வழி இயந்திரத்தை மூடுவது, அதிர்வைக் குறைப்பது, சத்தம் குறைந்த காற்றுமுனை மாட்டுவது. அதற்குப் பணம் வேண்டும். பிளக் ஐந்து பத்து ரூபாயில் முடிந்துவிடும்.

“இதையெல்லாம் கிளப்பினால் பெண்களை வேலைக்கே எடுக்க மாட்டார்கள்.” இந்தப் பயம் நியாயமானது. இதைச் சொல்பவர்களில் வேலை பார்க்கும் பெண்களும் உண்டு. 2016இல் ஸ்வீடனில் வெளியான ஒரு பெரிய ஆய்வு, 85 டெசிபலுக்கு மேலான இரைச்சலில் முழுநேரமும் வேலை பார்த்த கர்ப்பிணிகளின் குழந்தைகளுக்குக் கேள்குறை அபாயம் கூடுதல் என்று காட்டியது. இதைச் சொன்னால் இயந்திரத்தை மௌனமாக்க மாட்டார்கள், பெண்ணை வெளியே அனுப்புவார்கள் என்று எனக்கும் தெரியும். வயிற்றில் பிள்ளை வந்தால் மட்டும் அவள் காதுக்கு அக்கறை காட்டும் உலகம் இது. அதற்காக உண்மையை மறைத்தால் பயன் கம்பெனிக்குத்தான். பரிசோதனை முடிவு வேலையிலிருந்து நீக்கும் ஆயுதமாகாமல் இருக்க வேண்டுமென்றால், அது முதலில் தொழிலாளி கையில் இருக்க வேண்டும். இன்று அது எச்.ஆர். கையில் மட்டும் இருக்கிறது.

“குழந்தைகளுக்கே ஆடியாலஜிஸ்ட் போதவில்லை.” போதவில்லைதான். 2006இல் தொடங்கிய தேசியக் காது கேளாமைத் தடுப்புத் திட்டத்துக்கே ஆள் வேண்டும். ஆனால் வழி இல்லாமல் இல்லை. போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தினர் கிராமத்துச் சுகாதாரப் பணியாளர்களுக்குப் பயிற்சி கொடுத்து, வேனையும் இணைய இணைப்பையும் வைத்துத் தமிழ்நாட்டுக் கிராமங்களில் சிறு குழந்தைகளின் கேள்திறனைப் பரிசோதித்துக் காட்டியிருக்கிறார்கள். கிராமத்துப் பணியாளரால் கைக்குழந்தையின் காதைச் சோதிக்க முடியுமென்றால், ஹாஸ்டலில் தங்கியிருக்கும் பெண்களில் இருவருக்குப் பயிற்சி கொடுத்து மற்றவர்களின் காதைச் சோதிக்க வைக்க முடியாதா? போரூரிலிருந்து இருங்காட்டுக்கோட்டை இருபது சொச்சம் கிலோமீட்டர். எங்கள் துறைக்கு அந்தச் சாலை தெரியாமல் இல்லை.

*

அந்தச் சாலையில்தான் 2021 டிசம்பரில் பாக்ஸ்கான் தொழிற்சாலைப் பெண்கள் உட்கார்ந்தார்கள். ஹாஸ்டல் சாப்பாட்டால் கூடவிருந்தவர்கள் வாந்தியெடுத்து மருத்துவமனைக்குப் போனபோது, சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலை நின்றது. உலகம் திரும்பிப் பார்த்தது. வயிறு கெட்டால் அன்று ராத்திரியே தெரியும். காது அப்படிக் கெடாது. வலிக்காது, இரத்தம் வராது, ஒரு நாளில் நடக்காது. உள்காதில் அறுந்துபோகும் நுண்ணிய முடிச்செல்கள் திரும்ப முளைக்காது என்பது அவளுக்குத் தெரிய வரும்போது அவள் கான்ட்ராக்ட் முடிந்திருக்கும், கூட இருந்தவர்கள் நாலு மாவட்டத்துக்குச் சிதறியிருப்பார்கள். யாரோடு சேர்ந்து எந்தச் சாலையில் உட்காருவாள்? சாட்சி சொல்ல ஒரு தாள் வேண்டும். அந்தத் தாளைத் தயாரிக்கும் வேலையை நாங்கள் படித்திருக்கிறோம்.

ஆகவே கேட்கிறேன். இன்டர்ன்ஷிப் ஆண்டில் மருத்துவமனைக்கும் சிறப்புப் பள்ளிக்கும் போவதுபோல் ஒரு மாதமாவது சிப்காட்டுக்குப் போக வேண்டும். முகாம் நடத்த அல்ல. இரைச்சலை அளக்க, பெண்களோடு பேச, ஹாஸ்டலில் உட்கார்ந்து கேட்க. தொழிற்சாலைகள் சட்டமும் இ.எஸ்.ஐ. அட்டவணையும் தேர்வுக்கு வர வேண்டும். 4000, 6000 ஹெர்ட்ஸைச் சேர்க்காமல் தொழிலாளியின் காதுக்குச் சராசரி போடுவதைத் தவறு என்று கற்பிக்க வேண்டும். சேரும்போது ஒன்று, வருடத்துக்கு ஒன்று, வேலையை விடும்போது கட்டாயம் ஒன்று என்று பரிசோதனை நடக்க வேண்டும். ஒவ்வொன்றின் நகலும் தமிழில் விளக்கத்தோடு அவள் கையில் தரப்பட வேண்டும். தொழிலாளர் நெருங்கி வாழும் பகுதிகளில் இருக்கும் இ.எஸ்.ஐ. மருந்தகங்களில் ஆடியாலஜிஸ்ட் பணியிடம் வேண்டும். பள்ளத்தைக் காணும் எங்களுக்கும் ஆய்வாளருக்கு எழுதும் கடமையைச் சட்டம் தர வேண்டும்.

இவை வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. முகாமில் உட்காரும் மாணவி இன்றே செய்யக்கூடியவை உண்டு. தாளில் நார்மல் என்று எழுதாமல், ‘4000 ஹெர்ட்ஸில் பள்ளம், இரைச்சல் பாதிப்பாக இருக்கலாம், காதுக்கு ஓய்வு கொடுத்தபின் மறுபரிசோதனை தேவை’ என்று எழுதலாம். அதற்கு எந்த அரசாணையும் வேண்டாம். எதிரில் இருப்பவளிடம், “இந்தத் தாளை போன்ல ஒரு போட்டோ எடுத்து வச்சுக்கோ” என்று சொல்லலாம். சீனியர் முறைப்பார். அடுத்த முறை முகாமுக்குக் கூப்பிட மாட்டார்கள். என்னிடம் யாராவது அன்றைக்கு இதைச் சொல்லியிருந்தால் செய்திருப்பேனா என்று எனக்கே உறுதியில்லை. அதனால்தான் உங்களிடம் முன்கூட்டியே சொல்கிறேன்.

போளூர்ப் பெண்ணுக்கு ஆடியோகிராமை இரண்டு நகல் எடுத்துக் கொடுத்தேன். எங்கள் மருத்துவமனைக் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் 89ஆவது பிரிவைக் காட்டினேன். இத்தனை வருடத்தில் இப்படி ஒரு கடிதம் எழுதியதில்லை என்றார். உட்கார்ந்து எழுதினார். பதில் வந்தால் அவளுக்குத் தெரிவிக்க வேண்டும். அம்மாவின் போன் நம்பரை வாங்கி வைத்திருக்கிறேன். கிளம்பும்போது அவள், “அக்கா, கூட வேலை பார்த்த ரெண்டு பேருக்கும் இதே மாதிரி ரீங்காரம் இருக்கு. அவங்களையும் வரச் சொல்லவா?” என்று கேட்டாள். உள்ளே வரும்போது மேடம் என்றவள். வரச் சொல்லியிருக்கிறேன்.